கழுத்தில் தொங்கிய சுருக்குப்பை

அன்புள்ள சார்,

இடைக்கால வேட்டை ஓவியங்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு பதினான்காம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பிரபு கஸ்தோன் ஃபேபுஸின் வேட்டைநூல் படங்களை இணையத்தில் தேடிப் பார்த்தேன். நாய்களின் பாதத்தைக் கழுவிவிடுகிறார்களே, அந்தப் படத்தை என் மகனுக்கும் காட்டினேன். பதினாறு வயது. அவனே மேற்கொண்டு தேடிப் படித்துவிட்டு வந்து, “அம்மா, இந்த ஆளு சொந்தப் பையனையே கொன்னுட்டாரு, தெரியுமா?” என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அது விபத்தா, கொலையா? ஃபேபுஸ் என்று அவர் ஏன் பெயர் வைத்துக்கொண்டார்? இப்படிப்பட்டவர் எழுதிய நூலை நாம் ரசிக்கலாமா? அந்தக் காலத்துப் பிரபு குடும்பங்களில் இதெல்லாம் சகஜம்தான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தோழிக்கு,

மூன்று வாரமாக நான் அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஃப்ருவாசாரைத்தான் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். அதிலும் கஸ்தோனின் ஒர்தேஸ் கோட்டையில் அவர் விருந்தாளியாகத் தங்கியிருந்த பகுதியைத் திரும்பத் திரும்ப. எழுதலாமா வேண்டாமா என்று நான் மனதில் போட்டு உழப்பிக்கொண்டிருந்ததை உங்கள் பையன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஃபேபுஸ் என்பது கிரேக்கச் சூரியக் கடவுளின் பெயர். 1357-58 குளிர்காலத்தில் பிரஷ்யாப் பக்கம் சிலுவைப்போருக்குப் போய்த் திரும்பியதிலிருந்து அப்படிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். தன் அழகிலும் புகழிலும் ஆசை உள்ள மனிதர், அவ்வளவுதான், விடுங்கள். நூலை ரசிக்கலாமா என்றால், ரசியுங்கள். மாதத்துக்கு ஒருவர் யாராவது ஓர் எழுத்தாளரைச் சொல்லி இதே கேள்வியைக் கேட்கிறார்கள், என்னிடம் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் கடைசி வரிக்காக உங்களைக் கோபித்துக்கொள்ளத்தான் வேண்டும். ‘அந்தக் காலத்தில் சகஜம்.’ இதை எப்படி எழுதினீர்கள், ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்த நீங்கள்? சகஜமாக இருந்திருந்தால் ஃப்ருவாசார் இதைத் தெரிந்துகொள்ள அவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம். 1388 நவம்பரில் அவர் ஒர்தேஸுக்குக் குதிரையில் போகும்போது எஸ்பான் து லியோன் என்ற வீரர் வழித்துணையாக வருகிறார். வழியில் கண்ணில் படுகிற ஒவ்வொரு கோட்டைக்கும் ஒரு கதை வைத்திருக்கிற மனிதர் அவர். கோமகன் கஸ்தோனின் மகன் எப்படி இறந்தான் என்று கேட்டதும், அது ரொம்பத் துயரமான சங்கதி, ஒர்தேஸில் யாராவது சொல்வார்கள் என்று நழுவிவிடுகிறார். சம்பவம் நடந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. கடைசியில் கோட்டையில் இருந்த ஒரு வயதான பணியாள் சொல்லித்தான் தெரிகிறது. மகன் இறந்ததும் தந்தை தலையை மழித்துக்கொண்டு கறுப்பு உடுத்தினார், வீட்டார் எல்லோரும் உடுத்தினார்கள் என்று அதே கதையில் வருகிறது. அவர் இயற்றிய பிரார்த்தனைகளும் நமக்குக் கிடைத்திருக்கின்றன, மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அலுக்காத பிரார்த்தனைகள். பதினான்காம் நூற்றாண்டில் பிள்ளை செத்தால் பெற்றவர்களுக்கு வலிக்காது என்று யார் உங்களுக்குச் சொன்னார்கள்? அந்த வரியை உங்கள் மகனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சரி, கதை. உங்கள் பையன் சுருக்கமாகத்தான் படித்திருப்பான். கஸ்தோன், ஃபுவாவின் கோமகன், பெயார்னின் பிரபு. பிரான்ஸின் தெற்கே பிரனே மலையடிவாரம் அவர் நாடு. பெயார்ன் மண்ணைக் கடவுளிடமிருந்து பெற்றேன், எந்த மனிதனுக்கும் அதற்காகத் தலைவணங்க மாட்டேன் என்று 1347இலேயே, பதினாறு வயதில், பிரான்ஸ் அரசரின் தூதரிடம் சொன்னவர். இரண்டு வருஷம் கழித்து நவார் அரச குடும்பத்துப் பெண் அன்யெஸைக் கட்டினார். பதின்மூன்று வருஷம் கழித்து, 1362இல், பிழைத்த ஒரே பிள்ளை பிறந்தான். அவன் பெயரும் கஸ்தோன்தான், குழப்பம் வேண்டாம், பையன் என்றே சொல்கிறேன். அம்மா நவாரில் தன் அண்ணன், நவார் அரசன் சார்லிடம் இருக்கிறாள், பையன் அப்பாவிடம் வளர்கிறான். 1380இல் அவன் அம்மாவைப் பார்க்கப் போகிறான். கூட வந்துவிடம்மா என்று கூப்பிடுகிறான், அவள் வரவில்லை. திரும்பும்போது தாய்மாமன் அவனைத் தனியாக அழைத்து ஒரு சுருக்குப்பையைக் கொடுக்கிறான். உள்ளே ஒரு பொடி. இதை உன் அப்பா சாப்பாட்டில் கொஞ்சம் தூவிவிடு, யார் கண்ணிலும் படக் கூடாது, அவருக்கு உன் அம்மா மேல் மறுபடி ஆசை வந்துவிடும், கூப்பிட்டுக்கொள்வார், அப்புறம் பிரியவே மாட்டார்கள். பையன் நம்பிவிடுகிறான். பையைக் கழுத்தில் கட்டிச் சட்டைக்குள் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறான்.

கோமகனுக்கு வேறு பெண்களிடம் பிறந்த பிள்ளைகளும் உண்டு. அதில் ஈவேன் என்பவன் பையனின் வயசு, உயரம், இரண்டு பேரும் ஒரே படுக்கையில் தூங்குவார்கள், சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். அப்படி மாறியதில் ஈவேன் கையில் பை தட்டுப்படுகிறது. என்னடா இது என்றால் பையன் பதில் சொல்வதில்லை. சில நாள் கழித்துப் பந்தாட்டத்தில் இரண்டு பேருக்கும் சண்டை, பையன் ஈவேனை அறைந்துவிடுகிறான், அவன் அழுதுகொண்டே அப்பாவிடம் போய்ப் பை விஷயத்தைச் சொல்லிவிடுகிறான். அன்றைய விருந்தில் பையன்தான் அப்பாவுக்குப் பரிமாறுகிறான், அது அவன் வேலை. குனிந்து வைக்கும்போது சட்டை இடுக்கில் கயிறு தெரிகிறது. கோமகன் அவனைக் கிட்டே கூப்பிட்டு, பொத்தானை அவிழ்த்து, கயிற்றைக் கத்தியால் அறுத்து, பொடியை ஒரு ரொட்டித் துண்டில் தூவி, பக்கத்தில் நின்ற வேட்டைநாய்க்குப் போடுகிறார். நாய் தின்கிறது, கண் செருகுகிறது, சாகிறது.

அப்புறம் பையன் கோட்டைக் கோபுரத்தின் இருட்டறையில். அவனோடு இருந்த பதினைந்து பேருக்கு மரண தண்டனை. நாட்டுப் பிரபுக்கள் கூடி வந்து, அவன் உயிரை மட்டும் எடுக்காதீர்கள் என்று அழுதார்கள், கோமகனும் இறங்கி வந்தார். ஆனால் பையன் சாப்பிடவில்லை. கொண்டுபோய் வைத்த உணவெல்லாம் அப்படியே கிடக்கிறது என்று வேலைக்காரன் வந்து சொன்னபோது கோமகன் ஒரு சின்னக் கத்தியால் நகத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அதே கையோடு எழுந்து போய், துரோகி, ஏன் தின்ன மாட்டேன் என்கிறாய் என்று கத்தி பிடித்த கையால் கழுத்தில் இடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். விரலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது ஒரு காசின் கனம்கூட இல்லை என்கிறார் ஃப்ருவாசார். அது ஒரு ரத்தநாளத்தில் பட்டுவிட்டது. பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு செத்துப்போனான்.

இப்போது சொல்லுங்கள், அந்தக் காசின் கனத்தை அளந்தது யார்? அறையில் இருந்தது இரண்டு பேர், ஒருவன் செத்துவிட்டான். அப்படியென்றால் அது அப்பா சொன்னது, அல்லது அப்பாவுக்காக வீட்டார் சொன்னது. எட்டு வருஷம் அந்தக் கோட்டைச் சமையலறையிலும் குதிரைலாயத்திலும் வாய்க்கு வாய் மாறி வழவழவென்று ஆகி, அதன்பின் ஃப்ருவாசார் காதுக்கு வந்தது. அந்த ஃப்ருவாசாரும் யார்? புளுவா கோமகன் கொடுத்தனுப்பிய நான்கு வேட்டைநாய்களைப் பரிசாக ஓட்டிக்கொண்டு வந்தவர். திரிஸ்தான், எக்தோர், ப்ரன், ரோலான் என்று நாய்களின் பெயர்கூட நமக்குத் தெரியும். பன்னிரண்டு வாரத்துக்கு மேல் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் கோமகனுக்குத் தன் காவியத்தைப் படித்துக் காட்டிவிட்டு, போகும்போது எண்பது ஃபுளோரின் பொற்காசு வாங்கிக்கொண்டு போனவர். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் ரொம்பப் பிரியம். ஆனால் கதை எப்படி அமைந்திருக்கிறது பாருங்கள். பையன் அப்பாவி. அப்பா கைதவறியவர். எல்லாப் பழியும் தாய்மாமன் சார்ல் தலையில், அவன் 1387 ஜனவரியிலேயே செத்துவிட்டான், வந்து மறுக்கப் போவதில்லை. அந்த வீட்டில் மீதி இருந்தவர்கள் தினமும் எழுந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதற்கு இதைவிடத் தோதான கதை கிடையாது.

பையனுக்குப் பதினைந்து பதினாறு வயது என்று எழுதுகிறார் ஃப்ருவாசார். 1362 செப்டம்பரில் பிறந்தவன் 1380 ஆகஸ்டில் பதினெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தான், முந்தின வருஷம்தான் ஆர்மன்யாக் வீட்டுப் பெண்ணோடு அவனுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. வயதைக் குறைத்தால் வசியப் பொடியை நம்பினான் என்பது பொருந்துகிறது. வயதைச் சரியாக வைத்தால் அது அதிருப்தி கொண்ட பிரபுக்களும் மாமனும் பின்னாலிருந்து நடத்திய சதி என்று ஆய்வாளர்கள் நினைப்பதில் நியாயம் தெரிகிறது. எனவே விபத்தா கொலையா என்ற உங்கள் கேள்விக்கு என்னால் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

என்னைத் தூங்கவிடாதது கத்தி இல்லை. அன்யெஸ்.

அவள் ஏன் நவாரில் இருந்தாள்? ஃப்ருவாசார் ஒரு காரணம் சொல்கிறார். யாரோ ஒரு பிரபுவின் மீட்புத்தொகைக்கு சார்ல் ஜாமீன் நின்றானாம், அந்தப் பணத்தை வாங்கி வர அன்யெஸே அண்ணன் வீட்டுக்குப் போனாளாம், அவன் தரவில்லையாம், வெறுங்கையோடு திரும்பக் கணவனுக்குப் பயந்து அங்கேயே இருந்துவிட்டாளாம். ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. அவளைத் துரத்தினார்கள். பேசியபடி சீர்ப்பணம் வந்து சேரவில்லை, அதுதான் குற்றம். பதின்மூன்று வருஷம் பாக்கி பாக்கி என்று இருந்துவிட்டு, வாரிசு பிறந்ததும், அதே 1362 டிசம்பரில், வெளியே அனுப்பினார்கள். அந்த மாதம் வேறு என்ன நடந்தது தெரியுமா? டிசம்பர் 5ஆம் தேதி லோனாக்கில் போர். பரம்பரை எதிரியான ஆர்மன்யாக் கோமகனைக் கூட்டத்தோடு சிறைபிடித்தார் கஸ்தோன். ஆர்மன்யாக் ஒருவரை விடுவிக்க மட்டும் 3,00,000 ஃபுளோரின் பேசினார்கள். தெற்கு பிரான்ஸின் பெரும் பணக்காரராக ஆகிவிட்ட அந்த மாதத்தில்தான் சீர் பாக்கிக்காக மூன்று மாதத்துப் பிள்ளையின் தாயை வெளியேற்றினார். பணம் இல்லாதவன் செய்தால் ஆத்திரம் என்று சொல்லிவிடலாம். இவரை என்ன சொல்வது? பணம் வேண்டியிருக்கவில்லை, பிள்ளை கைக்கு வந்துவிட்டான், அவள்தான் இனி வேண்டாதவள். இதை நான் போகிற இடத்திலெல்லாம் சொல்கிறேன், கேட்பவர்கள் உடனே மறுபடியும் கத்திக்கும் கோபுரத்துக்கும் போய்விடுகிறார்கள். நீங்களும் உங்கள் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு அம்மா, இன்னொரு அம்மா எங்கே போனாள் என்று கேட்க வேண்டாமா? எனக்கு அதில் வருத்தம்தான்.

என் பெரிய அத்தையை ஐந்து பவுன் பாக்கிக்காகத் திருப்பி அனுப்பினார்கள். பையனைத் தரவில்லை. வருஷத்தில் இரண்டு முறை, பொங்கலுக்கும் பெரிய லீவுக்கும், அவன் எங்கள் வீட்டுக்கு வருவான். என்னைவிட நாலு வயது பெரியவன். ஒரு லீவு முடிந்து அவன் கிளம்புகிற அன்று விடிகாலையில், அத்தை அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், மஞ்சள் துணியில் முடிந்த எதையோ அவன் அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டதை நான் பார்த்தேன். திருநீறோ வேறு ஏதோ, யாரோ ஒருவரிடம் போய் மந்திரித்து வாங்கி வந்தது. அப்பா குடிக்கிற தண்ணியிலே போட்டுரு கண்ணு, கேட்டா ஒண்ணும் சொல்லாதே. பஸ் வருகிற வரைக்கும் அவன் கை டவுசர் மேலேயே இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அடுத்த பொங்கலுக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்த லீவுக்கும் வரவில்லை. முப்பது வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது நான் கேட்காமலேயே சொன்னான், “அன்னிக்கு அப்பா பாத்துட்டாருடா.” அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, மோரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அதனால் வசியப் பொடிக் கதை வீட்டார் சௌகரியத்துக்குக் கட்டியது என்று தெரிந்தும் எனக்கு அதை முழுசாகத் தள்ள முடியவில்லை. கட்டியவர்கள்கூட, ஒரு பிள்ளை எதை நம்பி ஒரு பையைக் கழுத்தில் கட்டிக்கொள்வான் என்று தெரிந்து கட்டியிருக்கிறார்கள். கூட வந்துவிடம்மா என்று அவன் கூப்பிட்ட இடத்தில் சதி எதுவும் இல்லை. பதினெட்டு வயது, கல்யாணம் ஆனவன், நாளைக்குக் கோமகன் ஆகப்போகிறவன், இருக்கட்டுமே.

அதன்பின் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். முறையான வாரிசு இல்லை. 1390இல் தன் நாட்டையே 1,00,000 ஃபிராங்குக்கு பிரான்ஸ் அரசர் பெயருக்கு எழுதிக்கொடுத்தார், யாருக்கும் தலைவணங்க மாட்டேன் என்று சொன்ன அதே மனிதர். 1391 ஆகஸ்ட் 1ஆம் தேதி, கரடி வேட்டை முடிந்து சாப்பிட உட்காருவதற்கு முன் கைகழுவத் தண்ணீர் ஊற்றியபோது, குளிர்ந்த நீர் விரலில் பட்டதும் சாய்ந்தார், முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தது ஈவேன், பையைக் காட்டிக்கொடுத்தவன். ஒர்தேஸ் கோட்டைக் காவலன் கதவு திறக்க வேண்டுமே, அதற்கு அடையாளமாக அப்பாவின் விரலிலிருந்து மோதிரத்தையும் அவர் சாப்பாட்டு மேசையில் பயன்படுத்தும் சின்னக் கத்தியையும் எடுத்துக்கொண்டு அவன் ஓடினான் என்று ஃப்ருவாசார் எழுதுகிறார். கோபுரத்தில் ஏழு லட்சம் ஃபுளோரினுக்கு மேல் குவிந்து கிடந்தது. அன்யெஸ் வீட்டுச் சீர் பாக்கியை அதன் பக்கத்தில் வைத்து நீங்களே நினைத்துப் பாருங்கள். ஈவேனுக்கு நாடு கிடைக்கவில்லை, பாரிஸில் அரசவைக்குப் போனான். 1393 ஜனவரியில் பிரான்ஸ் அரசர் ஆறாம் சார்லோடு சேர்ந்து காட்டுமனிதர் வேஷம் கட்டி ஆடும்போது பந்தம் பட்டு உடையில் தீப்பிடித்ததே, அரசர் தப்பி நாலு பேர் செத்தார்களே, அந்த நாலு பேரில் ஒருவன் அவன்.

உங்கள் மகனைக் கண்டிக்காதீர்கள், ஏன் இதையெல்லாம் தேடிப் படித்தாய் என்று. நன்றாகத்தான் தேடியிருக்கிறான். அவனுக்குப் படம் பிடித்திருப்பதால் இன்னொரு இடத்தையும் காட்டுங்கள். வேட்டைநூலை அவர் 1387 மே மாதம் முதல் நாள் எழுத ஆரம்பித்தார், மகன் போய் ஏழு வருஷம் ஆகப்போகிறது. நாய்க்கூடத்தின் தரையைப் பலகை போட்டு மண்ணிலிருந்து ஓரடி உயர்த்த வேண்டும், வைக்கோலைத் தினமும் மாற்ற வேண்டும், நனைந்து வரும் நாய்கள் காய்வதற்கு ஒரு கணப்பு வேண்டும் என்று அவ்வளவு அக்கறையாகச் சொல்லிக்கொண்டே வருகிறவர், நாய்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பையனை எப்படிப் பழக்குவது என்ற இடத்துக்கு வருகிறார். ஏழு வயதிலேயே சேர்த்துவிட வேண்டும். எல்லா நாய்களின் பெயரையும் நிறத்தையும் ஒரு சுருளில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்ல வேண்டும். நாய்கள் ராத்திரியில் சண்டை போடாமல் இருக்க அவன் அவற்றோடேயே படுக்க வேண்டும். தப்புச் செய்யப் பயப்படுகிற வரைக்கும் அவனை அடிக்க வேண்டும்.

ஓவியத்தில் அந்தச் சிறுவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மகன் அவர்களைப் பார்த்துவிட்டு என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்